கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ்: சம அகல எழுத்தின் தோற்றமும் ஓர் அச்சுக்கோப்பாளரின் வாழ்வும்

முன்னுரை

தமிழ்த் தட்டச்சின் வரலாற்றை எழுதுவோர், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையாவிடமிருந்து தொடங்குவது மரபு. அம்மரபு தவறன்று. எனினும் முத்தையா எதிர்கொண்ட இடர்ப்பாடுகளுள் ஒன்று, அவருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே வட அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், ஓர் இயந்திரப் பட்டறையில் தோன்றிவிட்டது. விசையை ஒருமுறை அழுத்தினால் தாள் ஒரே அளவு நகரும். அந்த அளவுக்குள் எந்த எழுத்தும் அடங்கவேண்டும். சுழிகள் நெருங்கிய ணகரமும் ஒல்லியான ரகரமும் ஒரே கட்டத்துக்குள் நிற்கவேண்டும் என்னும் நெருக்கடி இதன் விளைவே. பல்கலைக்கழக நூலகங்களில் உறங்கும் பழைய தட்டச்சு ஆய்வேடுகளைப் புரட்டிய எவருக்கும் அந்நெருக்கடியின் தடம் புதிதன்று.

எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துருவைச் சம அகல எழுத்துரு என இக்கட்டுரை குறிக்கிறது. இன்று நிரல் எழுதுவோரின் திரையிலும் திரைக்கதை ஏடுகளிலும் அது வாழ்கிறது. பழைய பொறிகளின் சாயலை வேண்டுமென்றே ஏற்றி, ஒருவகைத் தொழில்நுட்ப மிடுக்குடன் புதிய சம அகல எழுத்துருக்கள் வரையப்பட்டும் வருகின்றன. அவ்வடிவத்தை ஓர் அழகியல் தேர்வாகக் கொள்வது இன்றைய வழக்கம். தோற்றத்தில் அது தேர்வே அன்று; ஒரு பற்சக்கரத்தின் கட்டாயம். அக்கட்டாயத்துக்கு உடன்பட்டவர் எழுத்தின் அகல வேறுபாட்டை விரல் நுனியால் அறிந்த ஓர் அச்சுக்கோப்பாளர் என்பதே இங்கு ஆராயத்தக்கது. கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸின் வாழ்க்கை அந்நோக்கில் இங்கு எழுதப்படுகிறது.

அச்சுக்கூடத்தில் வளர்ந்தவர்

ஷோல்ஸ் 1819 பிப்ரவரி 14 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் மூர்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே அருகிலிருந்த டான்வில் ஊரின் செய்தித்தாள் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். அக்காலத்து அச்சகப் பயிற்சி என்பது எழுத்துப்பெட்டியின் முன் ஆண்டுக்கணக்கில் நிற்பதாகும். ஒவ்வோர் ஈய எழுத்தையும் கண்ணால் பாராமல் எடுத்துக் கோப்புக்கோலில் அடுக்கவேண்டும். வரி நிரம்பாதபோது சொற்களுக்கிடையே இடைவெளித் துண்டுகளைச் செருகி வலப்புற ஓரத்தையும் நேராக்கவேண்டும். இத்தொழிலைக் கற்றவனுக்கு ஆங்கிலத்தின் ‘ஐ’ எத்துணை மெலிது, ‘எம்’ எத்துணை அகன்றது என்பது அறிவாக அல்ல, பழக்கமாகவே உடலில் ஊறியிருக்கும்.

1837ஆம் ஆண்டளவில் அவர் விஸ்கான்சின் ஆட்சிப்பகுதிக்கு இடம்பெயர்ந்து, கிரீன் பே நகரில் செய்தித்தாள் தொழிலில் இருந்த தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்தார். பின்னர்ச் சவுத்போர்ட் நகரில் இதழாசிரியரானார். இன்று கெனோஷா என வழங்குவது அந்நகரே. 1841இல் மேரி ஜேன் மெக்கின்னியை மணந்தார். இவர்களுக்குப் பத்து மக்கள். விஸ்கான்சின் 1848இல் மாநிலமானபோது அதன் மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1852, 1853ஆம் ஆண்டுகளில் கீழவையிலும் 1856, 1857இல் மீண்டும் மேலவையிலும் பணியாற்றினார்.

அவரது பொதுவாழ்வில் நிலைத்துநின்ற செயல் மரணதண்டனை ஒழிப்பாகும். 1851 ஆகஸ்டில் கெனோஷாவில் ஜான் மெக்காஃப்ரி என்பவர் மனைவியைக் கொன்ற குற்றத்துக்காகப் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார். உயிர் உடனே பிரியவில்லை. கயிற்றில் நெடுநேரம் துடித்தார். தம் ஊரில் நிகழ்ந்த அக்காட்சிக்கு எதிராக ஷோல்ஸ் தம் இதழில் கடுமையாக எழுதினார்; சட்டமன்றத்திலும் அதற்காக வாதாடினார். 1853இல் விஸ்கான்சின் மரணதண்டனையை நீக்கியது. அச்சட்டம் இன்றும் மாறவில்லை. தட்டச்சுப்பொறி வரலாறுகள் பெரும்பாலும் இதனை ஒருவரியில் கடந்துவிடுகின்றன. கண்டுபிடிப்பாளர் என்ற ஒற்றை அடையாளத்துக்குள் அவரை அடக்குவது அவரது வாழ்வின் பாதியை மறைப்பதாகும் என்பதால் இங்குச் சற்று விரித்துரைக்கப்பட்டது.

பின்னர் மில்வாக்கிக்குக் குடிபெயர்ந்து அங்கும் இதழ்களை நடத்தினார். ஆபிரகாம் லிங்கன் ஆட்சியில் மில்வாக்கித் துறைமுகச் சுங்கத் தண்டலராக அமர்த்தப்பட்டார். அரசியல் சார்ந்த அப்பதவி அவருக்கு ஊதியத்தையும் ஓய்வையும் ஒருங்கே தந்தது. பட்டறையில் பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு அதன்பின்னரே கிட்டியது.

எண்ணிலிருந்து எழுத்துக்கு

மில்வாக்கியில் கிளைன்ஸ்டியூபர் என்பவருக்குச் சொந்தமான இயந்திரப் பட்டறை ஒன்று இருந்தது. தம் கைவண்ணத்தைச் சோதிக்க விரும்பியோர் அங்கே கூடுவர். ஷோல்ஸும் சாமுவேல் சூல் என்ற மற்றோர் அச்சுத்தொழிலாளரும் அங்கே கணக்கேடுகளின் பக்கங்களுக்கு வரிசையெண் அச்சிடும் பொறியொன்றை உருவாக்கினர். 1864இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே பட்டறையில் உழவுக்கருவி ஒன்றை அமைக்க முயன்றுகொண்டிருந்தவர் கார்லோஸ் கிளிடன். எண்களை அச்சிடும் பொறி எழுத்துகளையும் சொற்களையும் ஏன் அச்சிடலாகாது என்னும் வினாவை எழுப்பியவர் அவரே என்பதில் எல்லா வரலாறுகளும் ஒத்துப்போகின்றன.

சம அகலத்தின் தோற்றத்தைத் தேடுவோர் இவ்விடத்தில் நின்று நோக்கவேண்டும் என்பது என் கருத்து. ஈய எழுத்துகளில் அகலம் எழுத்துக்கு எழுத்து வேறுபட்டாலும், எண்கள் மட்டும் பொதுவாக ஒரே அகலத்தில் வார்க்கப்பட்டன. கூட்டல் கணக்குகளும் அட்டவணைகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக நேராக நிற்கவேண்டும் என்பதே காரணம். எண் அச்சிடும் பொறியின் சக்கரங்களுக்கும் அந்த ஒழுங்கு இயல்பாகப் பொருந்தியது. எண்ணுக்குரிய அவ்வொழுங்கை எழுத்துக்கும் நீட்டியதே தட்டச்சுப்பொறி எனக் கருத இடமுண்டு. ஷோல்ஸ் இதனை எங்கும் எழுதிவைத்திலர். ஆயினும் ஒரே பட்டறை, ஒரே ஆட்கள், எண் பொறியை அடுத்து எழுத்துப் பொறி என்னும் வரிசை இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

1867 ஜூலையில் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ஜான் பிராட் என்பவர் இலண்டனில் காட்டிய எழுத்துப்பொறி பற்றிய குறிப்பு வெளிவந்தது. கிளிடன் அதனை ஷோல்ஸிடம் காட்டினார். பிராட்டின் அமைப்பு சிக்கலானது என எண்ணிய ஷோல்ஸ், எளிய வழியொன்றைத் தேடினார். முதற்சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டது தந்தி அலுவலகத்து விசை. அதன் அழுத்தத்தால் கீழிருந்து மேலெழும் சிறு தண்டின் முனையில் ஓர் எழுத்து. மேலே கண்ணாடித் தகட்டை ஒட்டி மெல்லிய தாளும் கார்பன் தாளும். விசையை அழுத்தினால் எழுத்து மேலெழுந்து தாளில் பதியும். அச்சோதனைப் பொறியில் இருந்தது ஒரே ஓர் எழுத்து: ‘டபிள்யூ’. ஆங்கில நெடுங்கணக்கில் மிக அகன்ற எழுத்துகளுள் ஒன்று அது. எல்லா எழுத்தையும் ஒரே அகலத்துக்குள் நெருக்கவிருந்த பொறி, அந்நெருக்கத்தால் மிகுதியும் துன்புற்ற எழுத்தையே முதலில் பதித்தது என்பது வரலாற்றின் சிறு குறும்பு.

பற்சக்கரம் விதித்த அகலம்

ஓர் எழுத்தை அடிப்பது எளிது. அடுத்த எழுத்து அதே இடத்தில் விழாமல் தாளை நகர்த்துவதே கடினம். கிளைன்ஸ்டியூபர் பட்டறையில் பணியாற்றிய கடிகாரத் தொழிலாளர் மத்தியாஸ் ஷ்வால்பாக் இப்பொறிகளின் பாகங்களைச் செய்துதந்தார். கடிகாரத்தில் சுருள்வில் அல்லது எடைக்கல் சக்கரத்தை இடையறாது இழுத்துக்கொண்டிருக்கும். கவைபோன்ற ஒரு துண்டு அச்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகவே விடுவிக்கும். தட்டச்சுப்பொறியும் இதே நெறியில் இயங்குவது. தாள் ஏந்திய வண்டி எப்போதும் இழுபட்டுக்கொண்டிருக்கும்; விசை அழுந்தி மீளும்போது ஒரு பல் விடுபட்டு வண்டி ஒரு படி நகரும். எந்த விசை அழுந்தியது என்பதை அப்பல் அறியாது. மெலிந்த ‘ஐ’க்கும் அகன்ற ‘எம்’முக்கும் அது தருவது ஒரே படியே.

எழுத்துக்கேற்ற அகலம் தருவதாயின் ஒவ்வொரு விசையும் தனக்குரிய எண்ணிக்கையில் பற்களை விடுவிக்கவேண்டும். அத்தகைய பொறி இயலாததன்று. 1940களில் ஐபிஎம் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் 1867இல், ஒரு பட்டறையின் மூலையில், எழுத்துத் தண்டுகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருப்பதே பெரும்பாடாக இருந்தது. அச்சுக்கோப்பாளர் ஷோல்ஸ் இரண்டு விதிகளைக் கைவிட்டார்: எழுத்துக்கு அதன் இயல்பான அகலம்; வரிக்கு நேரான வலப்புற ஓரம். தட்டச்சுத் தாளின் வலப்பக்கம் ஏறியும் இறங்கியும் கிடப்பது, அகலத்தைச் சரிசெய்ய இடைவெளித் துண்டு அங்கு இல்லாமையால். தாம் கற்ற தொழிலின் இலக்கணத்தை அவர் அறியாது மீறவில்லை, அறிந்தே விட்டுக்கொடுத்தார்.

இதன் விளைவு எழுத்தின் வடிவத்திலேயே படிந்தது. மெலிந்த எழுத்துகள் தம் கட்டத்தை நிரப்பவேண்டிக் காலடியில் நீண்ட குறுக்குக்கோடுகளைப் பெற்றன. அகன்ற எழுத்துகள் இடுப்பு ஒடுங்கின. அங்குலத்துக்குப் பத்து எழுத்து, பன்னிரண்டு எழுத்து என்னும் இரு அளவுகள் பிற்காலத்தில் நிலைபெற்றன. எண்களைப் பத்தி பத்தியாக அடிக்கும் கணக்கு அலுவலகங்களுக்கு இச்சமன்மை பெருநன்மையாயிற்று. 

தமிழில் இதே படி வேறொரு வழியில் இடர் தந்தது. புள்ளி தனக்கென இடம் கொள்ளாமல் எழுத்தின் தலைமேல் நிற்பது. படி நகர்ந்துவிட்டால் புள்ளி அடுத்த கட்டத்தில் விழும். அதனால் வண்டியை நகர்த்தாத விசைகள் தேவைப்பட்டன. ஐரோப்பிய மொழிகளின் உயிரெழுத்துக் குறிகளுக்கு முன்பே கையாளப்பட்ட அவ்வழியே தமிழுக்கும் உதவியது. எழுத்தின் இலக்கணமும் பற்சக்கரமும் மோதிய இடம் அது. அதனை முழுமையாக ஆராய்வது தனிக் கட்டுரைக்குரியது.

காப்புரிமையும் கூட்டாளிகளும்

1868 ஜூன் 23 அன்று ஷோல்ஸ், கிளிடன், சூல் ஆகிய மூவர் பெயரிலும் காப்புரிமை வழங்கப்பட்டது. அப்பொறியின் விசைகள் பியானோவின் கட்டைகளை ஒத்திருந்தன. எழுத்துத் தண்டுகள் வட்டமாகத் தொங்கி, ஒவ்வொன்றும் நடுவிலுள்ள ஒரே புள்ளியை நோக்கி எழும் அமைப்பு சூலின் பங்களிப்பு எனப்படுகிறது. விரைவிலேயே சூல் விலகினார். கிளிடனின் ஈடுபாடும் குறைந்தது.

அவ்வெற்றிடத்தில் புகுந்தவர் ஜேம்ஸ் டென்ஸ்மோர். முன்னாள் இதழாளர், உரத்த குரலும் முரட்டு இயல்பும் உடையவர். தட்டச்சில் வந்த கடிதம் ஒன்றைக் கண்ட அளவிலேயே, பொறியைப் பாராமலே, அதுவரை ஆன செலவை ஏற்று நான்கிலொரு பங்கை வாங்கிக்கொண்டார். பின்னர் நேரில் வந்து பார்த்தபோது அது எதற்கும் பயன்படாத நிலையில் உள்ளது என இகழ்ந்தார். அமைதியும் கூச்சமும் மிக்க ஷோல்ஸும் இவரும் இணைந்து பணியாற்றியது வியப்பே. ஷோல்ஸ் சோர்ந்து கைவிட முனைந்த ஒவ்வொரு முறையும் அவரை மீண்டும் பட்டறைக்கு இழுத்துவந்தவர் டென்ஸ்மோர். கண்டுபிடிப்பின் வரலாற்றில் பணம் போட்டவரைக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் உண்டு. இங்கு அது பொருந்தாது.

பொறியைச் செம்மைப்படுத்தியதில் மற்றொருவர்க்கும் பங்குண்டு. வாஷிங்டனில் சுருக்கெழுத்தாளராக இருந்த ஜேம்ஸ் ஓகில்வி கிளெஃபேனுக்கு ஷோல்ஸ் சோதனைப் பொறிகளை அனுப்பினார். கிளெஃபேன் ஒவ்வொன்றையும் உடையும்வரை அடித்துப் பார்த்து, குறைகளை ஒளிவுமறைவின்றி எழுதி அனுப்பினார். ஷோல்ஸுக்கு அது பெருஞ்சினத்தை மூட்டியது. ஆனால் உடைந்த பொறி ஒவ்வொன்றும் அடுத்த பொறியின் ஆசானாயிற்று. இதே கிளெஃபேன் பிற்காலத்தில் வரி வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தின் உருவாக்கத்துக்கும் துணைநின்றவர். செயின்ட் லூயிஸ் நகரின் சார்லஸ் வெல்லரும் தொடக்கநிலைப் பொறிகளைப் பயன்படுத்தினார். தந்தி அலுவலராகவும் சுருக்கெழுத்தாளராகவும் இருந்த அவர் 1918இல் எழுதிய தட்டச்சுப்பொறி வரலாறு நேரில் கண்டவரின் சான்றாக மதிக்கப்படுகிறது.

விசைப்பலகை பற்றிய ஒரு திருத்தம்

விசைகளின் வரிசை பற்றித் தமிழில் வெளிவரும் பொது அறிவுக் கட்டுரைகள் ஒரு கதையைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றன: தட்டச்சு செய்வோரின் வேகத்தைக் குறைக்கவே ஷோல்ஸ் எழுத்துகளைக் கலைத்துப்போட்டார் என்பதே அக்கதை. இதனை ஏற்பதற்கில்லை. வரிசை உருவான 1870களின் தொடக்கத்தில் வேகமாகத் தட்டச்சு செய்வோர் என ஒரு தொழிற்பிரிவே இல்லை. விசைகளைப் பாராமல் பல விரல்களால் அடிக்கும் முறையின் ஆற்றல் பொதுமக்களுக்குத் தெரியவந்ததே 1888இல் சின்சினாட்டி நகரில் ஃபிராங்க் மெக்கரின் வென்ற போட்டியால்தான்.

தண்டுகள் மோதிச் சிக்குவதைத் தவிர்க்க, அடுத்தடுத்து வரும் எழுத்துகளைப் பிரித்துவைத்தார் என்பது இரண்டாவது விளக்கம். இது முந்தையதினும் மேலானது. எனினும் முழு விடையன்று. ஆங்கிலத்தில் மிகுதியாகச் சேர்ந்துவரும் இணைகளுள் ஒன்றான ‘ஈ’, ‘ஆர்’ ஆகியவை இன்றைய பலகையில் அண்டைவீட்டாராக உள்ளன. 1872இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ வெளியிட்ட படத்தில் இன்றைய ‘ஆர்’ இருக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி காணப்படுகிறது என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். ஒரே நோக்கில் ஒரே நாளில் அமைந்த வரிசையன்று அது. பல கைகள் பல முறை மாற்றியது.

கியோத்தோவைச் சேர்ந்த யாசுவோகா இணையர் முன்வைத்த மூன்றாவது கருத்து இங்குக் கருதத்தக்கது. தொடக்ககாலப் பயனாளர் தந்தி அலுவலர்கள். அவர்கள் காதால் கேட்ட மோர்ஸ் குறியீட்டை எழுத்தாக அடித்தவர்கள். அமெரிக்க மோர்ஸ் முறையில் ‘இசட்’ என்னும் எழுத்தின் ஒலிக்குறி ‘எஸ்’, ‘ஈ’ ஆகிய இரண்டும் சேர்ந்து வருவதோடு மயங்கக்கூடியது. அடுத்து வருவதைக் கேட்டபின்னரே எது எனத் துணியமுடியும். ஆகவே அம்மூன்றும் அருகருகே இருப்பது அவர்களுக்கு வசதி. இவ்விளக்கமும் எல்லா விசைக்கும் பொருந்துவதன்று. ஆனால் பயன்படுத்துவோரின் காதும் கையும் வரிசையைத் திருத்தின என்னும் அளவில் இது ஷோல்ஸின் பணிமுறையோடு ஒத்துப்போகிறது. சிக்கலைக் கூறியவரிடம் சினந்து, பின் அச்சிக்கலைத் தீர்க்க இரவெல்லாம் அமர்ந்தவர் அவர்.

அகரவரிசை முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதையும் குறிப்பிடலாம். நடுவரிசையில் ‘டி’ தொடங்கி ‘எல்’ வரை, இடையிலுள்ள உயிரெழுத்துகள் நீங்கலாக, எழுத்துகள் நெடுங்கணக்கு முறையிலேயே நிற்கின்றன. மேற்கோப்பெழுத்துகள் வழியாக மூலப்படியைத் தேடும் சுவடிப் பதிப்பாளர்க்கு இத்தகைய எச்சங்கள் தரும் மகிழ்ச்சி தெரிந்ததே.

இலியனுக்குச் சென்ற பொறி

1873 மார்ச்சில், நியூயார்க் மாநிலத்து இலியன் ஊரில் துப்பாக்கிகள் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனத்தோடு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. உள்நாட்டுப் போர் முடிந்து துப்பாக்கித் தேவை குறைந்திருந்த காலம். நிறுவனம் தையல் இயந்திரங்களிலும் கைவைத்திருந்தது. 1874இல் ‘ஷோல்ஸ் அண்ட் கிளிடன்’ என்னும் பெயரோடு 125 டாலர் விலையில் பொறி விற்பனைக்கு வந்தபோது, தையல் இயந்திரத்தின் சாயல் அதில் அப்படியே இருந்தது. கறுப்புப் பூச்சின்மேல் பூவேலை. கீழே இரும்புத் தாங்கி. வண்டியைத் திருப்பிக் கொணர மிதிகட்டை.

அப்பொறி பெரிய எழுத்துகளை மட்டுமே அடித்தது. ஒன்று, சுழியம் ஆகிய எண்களுக்கு விசை இல்லை. ‘ஐ’, ‘ஓ’ எழுத்துகளே அவற்றுக்கும் உதவின. சம அகலம் இருந்தமையால் அக்கடன் கண்ணை உறுத்தவில்லை. அடித்த வரி உடனே தெரியாது. தண்டுகள் உருளையின் அடியில் மோதியதால், சில வரிகள் கழிந்து தாள் மேலேறிய பின்னரே பிழை கண்ணிற்படும். விற்பனை மந்தமாகவே இருந்தது. மார்க் ட்வெயின் தொடக்கத்திலேயே ஒன்றை வாங்கியவர். அவரும் அதனை நெடுங்காலம் வைத்துக்கொள்ளவில்லை. 1878இல் மாற்று விசையோடு சிறிய எழுத்துகளையும் தந்த இரண்டாம் ரெமிங்டன் வந்தபிறகே நிலை மாறத் தொடங்கியது.

அதற்குள் ஷோல்ஸ் தம் உரிமையை 12,000 டாலருக்கு விற்றுவிட்டார். டென்ஸ்மோர் விற்பனையில் பங்குபெறும் முறையைத் தேர்ந்து, பின்னாளில் பெருஞ்செல்வம் அடைந்தார். ஷோல்ஸ் ஏமாற்றப்பட்டார் என்று சிலர் எழுதுவர். பத்து மக்களைப் பெற்ற, நலிந்த உடலுடைய ஒருவர்க்கு, விற்குமா விற்காதா எனத் தெரியாத பொறியின் எதிர்காலப் பங்கைவிடக் கையில் வரும் தொகை மேலாகத் தோன்றியதில் பிழையில்லை. அன்றைய நிலையில் டென்ஸ்மோரின் துணிவே அறிவுக்கு ஒவ்வாததாகத் தோன்றியிருக்கும்.

எழுத்துருவாக நிலைத்தது

ஷோல்ஸ் வகுத்த சமபடி, அவருக்குப்பின் பொறியிலிருந்து பிரிந்து வடிவமாகத் தனித்து வாழத் தொடங்கியது. 1950களின் நடுவில் ஐபிஎம் நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த கூரியர் எழுத்துரு அதன் மிகப் பரவலான உருவம். அதன் வடிவம் தனியுரிமைக்குள் அடைபடாமையால் மற்ற நிறுவனங்களும் தம் பொறிகளில் அதனை ஏற்றன. அமெரிக்க வெளியுறவுத்துறை 2004வரை தன் ஆவணங்களுக்குக் கூரியரின் கணிப்பொறி வடிவையே பயன்படுத்தியது. திரைக்கதை எழுதுவோர் இன்றும் அதனை விடவில்லை; ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடக் காட்சி என்னும் அவர்களது மதிப்பீடு எழுத்தகலம் மாறாமையைச் சார்ந்தது.

கணிப்பொறித் திரையில் பற்சக்கரம் இல்லை. ஆயினும் தொடக்ககாலத் திரைகள் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தமையால் சம அகலம் அங்கும் குடிபுகுந்தது. திரையின் கட்டுப்பாடு நீங்கிய பின்னும் நிரலாளர்கள் அதனைக் கைவிடவில்லை. வரிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கவும், ஒரு குறி கூடினாலும் குறைந்தாலும் கண்ணிற்படவும் அது உதவுகிறது. பழைய சுருள்வில் ஓசையை நினைவூட்டும் எழுத்துருக்களை இன்றைய வடிவமைப்பாளர் வரையும்போது, அவர்கள் மீட்டெடுப்பது ஓர் அழகுணர்ச்சியை மட்டுமன்று. ஒரு கடிகாரத் தொழிலாளரின் கைவேலையையும்.

இறுதி ஆண்டுகள்

காசநோயால் ஷோல்ஸின் கடைசி ஆண்டுகள் படுக்கையிலும் பட்டறையிலுமாகக் கழிந்தன. 1872இல் எடுக்கப்பட்டதாகக் கருதப்படும் ஒரு நிழற்படத்தில் அவர் மகள் லில்லியன் சோதனைப் பொறியின் முன் அமர்ந்திருக்கிறார். தட்டச்சு செய்யும் பெண்ணின் மிகப் பழைய படங்களுள் அது ஒன்று. 1880களில் அலுவலக வேலை பெண்களுக்குத் திறந்துகொண்டபோது, தம் பொறி அவர்களுக்கு வருவாய்க்கு வழி செய்தது என்பதில் ஷோல்ஸ் மனநிறைவு கொண்டிருந்தார் என அவரை அறிந்தோர் பதிவு செய்துள்ளனர். மரணதண்டனைக்கு எதிராக எழுதிய இதழாசிரியரிடம் அந்நிறைவு எதிர்பார்க்கத்தக்கதே. செல்வத்தின்மீது அவருக்கு நாட்டம் குறைவு. ஈட்டிய தொகையும் அடுத்தடுத்த முயற்சிகளிலேயே கரைந்தது.

1890 பிப்ரவரி 17 அன்று, எழுபத்தோராம் பிறந்தநாள் கழிந்து மூன்றாம் நாள், மில்வாக்கியில் அவர் மறைந்தார். ஃபாரஸ்ட் ஹோம் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அக்கல்லறையில் நெடுங்காலம் பெயர்பொறித்த கல் இல்லை. பின்னாளில் சுருக்கெழுத்தாளர்கள் முன்னின்று நிதி திரட்டி அதனை நாட்டினர். பொறியை உடைத்து உடைத்துத் திருத்திய கூட்டத்தாரே அக்கடனையும் செலுத்தினர்.

இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1889இல், அவர் மேலும் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். அதில் விசைகளின் வரிசை வேறு. தம் பெயரால் உலகம் முழுதும் நிலைத்துவிட்ட வரிசையை அவரே முடிவானதாகக் கொள்ளவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. எழுத்துக்குரிய படியின் அகலம் பற்றி அவர் மறுபடியும் எண்ணினாரா என்பதற்கு அவ்விண்ணப்பத்தில் விடையில்லை. 1896இல், அவர் மறைந்து ஆறாண்டுகள் கழிந்தபின், அக்காப்புரிமை வழங்கப்பட்டது. அதற்குள் தட்டச்சு கற்பிக்கும் பள்ளிகள் பழைய வரிசையில் மாணவரைப் பயிற்றத் தொடங்கிவிட்டன. புதிய வரிசையை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை.